பக்கிரிசாமியின் கால் கனமில்லை

பக்கிரிசாமி பஸ் ஓட்டிய அழகைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதைக் கெடுத்தவனும் நான்தான். வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அறுபத்தேழாம் வருஷம். போர்ட் பிளேரில் எங்கள் முதலாளி திருநாவுக்கரசுக்கு ஆறு டீசல் பஸ்கள் ஓடின. ஹேடோ துறைமுகத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போய், சாயங்காலம் வீடு சேர்ப்பதுதான் முக்கியமான ஓட்டம். நான் கோயம்புத்தூரில் பம்பு வேலை கற்றுக்கொண்டு கப்பல் ஏறியவன். டீசல் பம்பைப் பிரித்து மாட்டத் தெரிந்த மிஸ்திரி ஜம்புலிங்கம் என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதை என் தலைக்கேறியிருந்தது.

பக்கிரிசாமி நாகப்பட்டினத்துக்காரன். என்னைவிட ஐந்து வயது சின்னவன். அநாவசியமாக ஹார்ன் அடிக்க மாட்டான். மேட்டில் வண்டி திணறும்வரை விடாமல் முன்கூட்டியே கியரைக் குறைப்பான். கூடையோடு ஏறும் பெங்காலிக் கிழவிகளிடம் ஹிந்தியில் "பைட்டோ மா, பைட்டோ" என்று சொல்லி, அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் வண்டியை எடுப்பான். மற்ற டிரைவர்கள் அவனைக் கேலி செய்தார்கள். ஜனங்கள் அவன் வண்டிக்காகக் காத்திருந்து ஏறினார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போக்குவரத்து அதிகாரி வந்து வண்டிகளைச் சோதிப்பார். ஒரு குச்சியில் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டி, புகைக்குழாய்க்குப் பின்னால் பிடித்துக்கொண்டு இன்ஜினை முடுக்கச் சொல்வார். துணி கறுத்தால் வண்டி ஷெட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் வண்டிகளில் அந்தத் துணி கறுத்ததே இல்லை. காரணம் நான். பம்பில் ஒரு திருகு உண்டு. இன்ஜினுக்கு அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பதை அது தீர்மானிக்கும். அதை யாரும் தொடக்கூடாது என்று கம்பி கோத்து ஈய சீல் வைத்திருப்பார்கள். நாற்பது பேர் ஏறவேண்டிய வண்டியில் முதலாளி எண்பது பேரை ஏற்றினார். மேட்டில் வண்டி நின்றது. "ஏதாச்சும் பண்ணுய்யா மிஸ்திரி" என்றார். திருகை ஒரு சுற்று திறந்தேன். டீசல் கூடியது, இழுவை வந்தது. ஆனால் அத்தனை டீசலையும் எரிக்கக் காற்று போதாது. எரியாத மிச்சம் கரியாக வெளியே போனது. சோதனைக்கு முதல் நாள் திருகை மூடுவேன். சோதனை முடிந்த அன்றே திறப்பேன். சீல் அழுத்தும் குறடு ஒன்றை நானே செய்து வைத்திருந்தேன், அசலுக்கும் போலிக்கும் வித்தியாசமே தெரியாது. இந்தத் திருட்டுத்தனத்தைத்தான் நான் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் பக்கிரிசாமி ஷெட்டுக்கு வந்தான். "அண்ணே, மேட்டுல ஏறுறப்ப பின்னாடி ஒரே கறும்புகையா வருது. ரோட்டுல நடக்குறவங்க மூக்கைப் பொத்திக்கிறாங்க. வெக்கமா இருக்குண்ணே."

"பம்பு சரியாத்தான் இருக்குது. உன்ற கால்தான் கனம்" என்றேன்.

அவன் அதை நம்பிவிட்டான். மறுநாளிலிருந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலால், கட்டைவிரலை மட்டும் பெடலில் வைத்து ஓட்டப் பழகினான். சாயங்காலம் தவறாமல் வந்து கேட்பான்: "இன்னிக்குக் கொறைஞ்சிருக்காண்ணே?" நான் ஸ்பேனரிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொஞ்சம்" என்பேன். எத்தனை நாள் அப்படிச் சொல்லியிருப்பேன்! நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

டெய்ரி ஃபார்ம் மேட்டோரமாக இருந்த பள்ளிக்கூடத்து டீச்சர் விசாலாட்சி புகார் எழுதினார். பஸ் மேடேறும் போதெல்லாம் ஜன்னலைச் சாத்தவேண்டியிருக்கிறது, பிள்ளைகள் இருமி இருமிப் பாடமே நடப்பதில்லை என்று எழுதி, வண்டி நம்பரையும் குறித்திருந்தார். அந்த வழியில் ஓடியது பக்கிரிசாமியின் வண்டி.

அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். திருகை மூட எனக்கு நேரமில்லை. கைக்குட்டை அடுப்புத்துணி மாதிரி ஆனது. அவர் குனிந்து பம்பைப் பார்த்தார். சீல் அப்படியே இருந்தது. "என்ன மிஸ்திரி, கோளாறு எங்கே?" என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். பக்கிரிசாமியும் என்னைத்தான் பார்த்தான்.

"சீல் இருக்குதுங்களே. டிரைவர் கண்டபடி மிதிச்சு ஓட்டி இன்ஜினைக் கெடுத்திருப்பான்ங்க" என்றேன்.

அன்றைக்கே அவனுக்கு வேலை போயிற்று. ஒரு வாரத்தில் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னார்கள். பாராடாங் தீவுக்குப் போட் ஏறும் முன், மனைவி நீலாவதியை வாசலில் நிறுத்திவிட்டு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான். "உங்க இன்ஜினைக் கெடுத்துட்டேண்ணே. மன்னிச்சுக்கங்க." நான் "சரி, சரி, போய்ட்டு வா" என்றேன். என் வாயில் அதுதான் வந்தது. அவன் போனதும் மனசு பொறுக்காமல் ஆறு வண்டிகளிலும் திருகை மூடினேன். முதலாளி சத்தம் போட்டதும் அடுத்த வாரமே திறந்துவிட்டேன்.

ஏழு வருஷம் கழித்து ஒரு போட் இன்ஜினைப் பார்க்கப் பாராடாங் போனேன். படகுத்துறையில் எங்கள் போட்டின் கயிற்றை வாங்கிக் கட்டியவன் அவன்தான். "அண்ணே!" என்று கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனான். நீலாவதி மீன் குழம்பு ஊற்றினாள். மரம் ஏற்றும் லாரிகளுக்கு இங்கே டிரைவரே கிடைப்பதில்லையாமே, நீ ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை கூப்ட்டாங்கண்ணே. நான்தான் நஹின்னுட்டேன். என் காலு இன்ஜினை அழிச்சிரும். இன்னொருத்தர் வண்டியையும் கெடுக்கணுமா?"

தட்டைத் தள்ளி வைத்தேன். திருகு, குறடு, பொய், எல்லாவற்றையும் கொட்டினேன். "உன்ற கால்ல ஒண்ணுமே இல்ல பக்கிரி. நான்தான் பாவி" என்றேன்.

அவன் சிரித்தான். "சும்மா இருங்கண்ணே. என் மனசு ஆறணும்னு பழியை நீங்க தூக்கிப் போட்டுக்கிறீங்க. பாத்தியா நீலா, அண்ணனுக்கு எவ்ளோ பெரிய மனசு!" கை கழுவத் தண்ணீர் கொண்டுவர எழுந்து போனான்.

நீலாவதி சிரிக்கவில்லை. கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மத்த டிரைவருங்களும் பொகையைப் பத்திக் கேட்டிருப்பாங்கள்ல?"

"கேட்டாங்க."

"அவங்ககிட்டயும் காலு கனம்னுதான் சொன்னீங்களா?"

"ஆமா. போய்யா பொய்க்காரான்னு திட்டிட்டுப் போய்ட்டாங்க."

"இவரு ஒருத்தருதான் உங்களை நம்புனாரு" என்றாள்.

வெளியே பக்கிரிசாமி எனக்காகச் செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தான்.