கரண்ட் வராத மோட்டார்

ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் என்னென்ன மிதக்கும் என்பது கந்தம்மாளுக்கு மனப்பாடம். கோழி இறகு, அறுந்த செருப்பு, குழந்தைக்குக் கட்டிய டயப்பர், செத்துச் சில நாளாகி உப்பிப்போன எலி. அதற்குள் முழங்கால் வரை இறங்கித்தான், தலையில் முறுக்கு டின்னோடு, அவள் ஆட்டையாம்பட்டிக்குப் போக வேண்டும்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து கைமுறுக்குதான் அவள் பிழைப்பு. கணவர் ராசுவின் தறிக்கூலி வீட்டுச் செலவுக்கு ஒருநாளும் எட்டியதில்லை. மகளைப் படிக்க வைத்ததும், கட்டிக் கொடுத்ததும் அவள் விரல் சுற்றிய சுற்றில்தான். மாவுப் பதம் கொஞ்சம் பிசகினாலும் அடுப்பையே அணைத்துவிடுகிற பிடிவாதக்காரி.

முன்பு அந்த இடத்தில் ரயில்வே கேட் இருந்தது. ரயில் போகிறவரை நின்று ஊர்க்கதை பேசிவிட்டு மொபெட்டைக் கிளப்பிப் போய்விடுவாள். கேட்டை எடுத்துவிட்டுப் பள்ளம் தோண்டிச் சுரங்கப்பாதை போட்டார்கள். முதல் மழைக்கே அது குட்டையானது. ஊர்ச் சாக்கடையும் தேடி வந்து சேர்ந்துகொண்டது. சுற்றுவழியில் போனால் குண்டும் குழியும்; முறுக்கில் பாதி நொறுங்கித் தூளாகிவிடும்.

"உங்க முறுக்குல சாக்கடை வாடை அடிக்குதுன்னு திருப்பிக் குடுக்கறாங்கக்கா" என்றார் ஆட்டையாம்பட்டிப் பேருந்து நிலையத்துக் கடைக்காரர். மற்றக் கடைகள் ஏற்கெனவே வேறு ஆளிடம் வாங்கத் தொடங்கிவிட்டன. மிச்சம் இருந்தது இவர் ஒருவர்தான். இதுவும் போனால் வாணலியைக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் தண்ணீரை இறைக்க அங்கேயே ஒரு மோட்டார் இருந்தது. ரயில்வே வைத்துவிட்டுப் போனது. கரண்ட்தான் வரவில்லை. ரயில்வே பொறியாளரிடம் போனாள். "பாலம் கட்டறதோட டெல்லி வேலை முடிஞ்சதும்மா. தண்ணி எடுக்கறது மாநிலத்தோட பொறுப்பு" என்றார். மாநில நெடுஞ்சாலை அலுவலகத்தில், "கரண்ட் பில் கட்டறேன்னு ஊராட்சி லெட்டர் குடுக்கணும்" என்றார்கள். ஊராட்சியில் தலைவரே இல்லை. பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காமல், ஒரு தனி அலுவலர் பல ஊர்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்; எத்தனை முறை நடந்தும் அவரிடமிருந்து லெட்டர் வரவில்லை. முன்னாள் தலைவர் அருணகிரி கையை விரித்தார்.

"நான் இப்ப ஆருங்க? உங்களாட்ட ஒரு ஓட்டுத்தானுங்க."

அவள் கொடுத்த மனுவை வைத்து எம்எல்ஏ சட்டமன்றத்தில் கேட்டார். ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதப்பட்டிருப்பதாக அமைச்சர் பதில் சொன்னார். எம்பி மக்களவையில் கேட்டார். பாதிப் பேச்சிலேயே மைக்கை அணைத்துவிட்டார்கள். பராமரிப்பு மாநில அரசைச் சார்ந்தது என்று பிறகு எழுத்தில் பதில் வந்தது. இரண்டு பதிலையும் எம்பியின் உதவியாளன் சந்தோஷ்குமார்தான் ஃபோனில் காட்டினான்.

"ஐயா என்ன பண்ணுவாருக்கா? டெல்லியில நாங்க எதிர்க்கட்சி."

"எம்எல்ஏ ஆபீசுலயும் இதையேதான் சொன்னாங்க. சென்னையில அவங்க எதிர்க்கட்சியாம்."

"ஆமாக்கா, அது அப்படித்தான்."

"அப்ப ஆளுங்கட்சிக்கு ஓட்டுப் போட்டவனெல்லாம் எந்த ஊர்ல சாமி இருக்கறான்? சொல்லு, அங்க போயி முறுக்கு வித்துக்கறேன்."

அவன் சிரித்தான். கந்தம்மாள் சிரிக்கவில்லை.

கடைசியில் எம்பி நிதியில் ஒன்று வந்தது. சுரங்கப்பாதை வாயில் ஓர் உயர்கோபுர மின்விளக்கு. திறப்பு விழாவுக்கு முறுக்கு வேண்டுமென்று சந்தோஷ்குமார் அவளிடமே சொல்லியிருந்தான். கை வலிக்கச் சுற்றி, டின்னில் அடுக்கி, தண்ணீரைக் கடந்து மேலேறினாள். மின்வாரிய ஊழியர் ஒருவர் விளக்குக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மோட்டார்.

"ஒரு வயரை இதுக்கும் இழுத்து உடுங்க சாமி."

"அது வேற கணக்குங்கக்கா. லைட்டுக்குப் பில் கட்டறோம்னு லெட்டர் வந்துருச்சு. மோட்டாருக்கு ஆரும் குடுக்கலீங்களே."

"லைட்டுக்கு ஆரு குடுத்தது?"

"உங்க ஊராட்சிதானுங்க. எம்பி ஆபீசுல இருந்து ஃபோன் வந்துச்சாம், அடுத்த நாளே குடுத்துட்டாங்க."

கந்தம்மாள் கீழே இறக்கி வைத்திருந்த டின்னின் மூடியை அழுத்தி மூடினாள். வெள்ளை வேட்டி சரசரக்க சந்தோஷ்குமார் ஓடி வந்தான்.

"வந்துட்டீங்களா? டின்னைக் குடுங்க, ஐயா கார் வந்துருச்சு."

"முறுக்கு வேணும்னா எம்பொறவாலயே வா. ஊட்ல வெச்சுக் குடுக்கறேன்."

டின்னைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அவன் வேட்டியையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு நின்றுகொண்டான். விழாவில் பிஸ்கட் கொடுத்தார்கள். சாயங்காலம் விளக்கு எரிந்தபோது, மிதந்த எலியின் மீசைகூடத் தெரிந்தது.

அந்த வாரமே ஆட்டையாம்பட்டியில், கடைக்காரரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாள். ராசு வாசலில் நின்றார்.

"அப்ப ஊடு?"

"ஊடு எங்கீம் போகாது. நீங்க தறிய முடிச்சுட்டு அங்க வாங்க. சோறு அங்கதான்."

அடுப்பும் வாணலியும் ஏறிய சரக்கு ஆட்டோ சுற்றுவழியில் குலுங்கி, சுரங்கப்பாதையின் மறுவாயில் வந்து சேர்ந்தது. விளக்குக் கம்பத்தில் எம்பிக்கு நன்றி சொல்லி ஒரு பேனர். ஓட்டுநர் படிப்பதற்காக வேகத்தைக் குறைத்தான்.

"நிக்காத சாமி, போ" என்றாள் கந்தம்மாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "நாறுது."