கேள்வியக்காவின் நாற்காலி

பல்கலைக்கழக வேலைவாய்ப்பு மையத்தின் மூன்றாவது அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். கதவைப் பார்த்தபடி இருப்பது கேள்வியக்காவினுடையது. கதவுக்கு முதுகு காட்டியபடி இருப்பது வேலை தேடிப் போகிறவர்களுடையது. நான்கு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அதற்கு அவசியம் வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கிறவர்கள் எல்லோரும் அவளிடம் வந்தாக வேண்டும். அவள் வேலை கொடுப்பவளாக நடிப்பாள். அவர்கள் வேலை கேட்பவர்களாக நடிப்பார்கள். மாதிரி நேர்காணல் என்று அதற்குப் பெயர்; ஓயாமல் கேள்வி கேட்பதால் அவளுக்குக் கேள்வியக்கா என்று பெயர். சனிக்கிழமைகளில் அதே பிள்ளைகளை நகரத்து ஓரத்துத் தெருக்களுக்குக் கூட்டிப்போய், அங்கே குடியிருப்பவர்களோடு கூட்டம் போட்டுப் பேசப் பழக்குவாள். அதற்குச் சமூகத் தலைமைப் பயிற்சி என்று பெயர். அவளும் இதே இடத்தில் படித்து வெளியே வந்தவள்தான். குடும்பத்திலேயே முதல் பட்டம். ஏதாவது நல்லது அமையும்வரை இங்கே இருக்கலாம் என்று நினைத்தவள், இருந்துவிட்டாள்.

மதிய நேரத்தில் ஆசிரியர்கள் ஒரு மேசையில் சாப்பிடுவார்கள், அலுவலகக்காரர்கள் ஒரு மேசையில். அவள் இரண்டிலும் சேர்த்தி இல்லை. டப்பாவை அறையிலேயே திறந்து, எதிரே காலியாக இருக்கும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். வேலை கிடைத்த பிள்ளைகள் முதல் மாதம் தினமும் செய்தி அனுப்புவார்கள், இரண்டாவது மாதம் எப்போதாவது. அப்புறம் அந்த இடத்துக்கு அடுத்த வருடத்துப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அதில் அவர்கள் மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஏறிப்போனவர்கள் ஏணியை விசாரித்துக்கொண்டா இருப்பார்கள்?

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகள் மடிக்கிற அவளுடைய அம்மாவுக்கு மட்டும் இது உறுத்தியது. "ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி" என்பாள் தொலைபேசியில், சலவை இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே.

போன மாதம் மையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த பருவத்திலிருந்து மாதிரி நேர்காணலைக் கணினியே நடத்தும்; அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதே வாரம் நகராட்சி ஒரு விளம்பரம் போட்டிருந்தது. புதிதாகக் கட்டிய சமூகக்கூடத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் தேவை. தெருக்காரர்களைக் கூட்டவும், பேச வைக்கவும், அவர்களே நடத்திக்கொள்ளப் பழக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஓர் இடம். தனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலிருந்தது அவளுக்கு. விண்ணப்பித்தாள். அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் முணுமுணு வந்தாள். பேருந்து ஓட்டுநரின் மகள். வாய்க்குள்ளேயே பேசுவாள் என்பதால் கூடப் படிக்கிறவர்கள் வைத்த பெயர். கையில் அதே விளம்பரம்.

"இதுக்கு என்னைத் தயார் பண்ணிவிடுங்கக்கா. ஒரே ஒரு இடம்தானாம்."

நானும் போட்டிருக்கிறேன் என்று சொல்வது பெரிய காரியமில்லை. ஆனால் சொன்னால் இந்தப் பெண் விண்ணப்பத்தை அன்றைக்கே திரும்ப வாங்கிவிடுவாள், அப்படிப்பட்டவள். கேள்வியக்கா சொல்லவில்லை. அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பும் வரத்தான் செய்தது. அரை மணி நேரம் மையத்தின் அச்சடித்த பட்டியலிலிருந்து சப்பென்ற கேள்விகளாகக் கேட்டாள். பதில்களும் சப்பென்றே வந்தன.

"இவ்வளவுதானாக்கா?" என்றாள் முணுமுணு. அதில் சந்தேகம் எதுவும் இல்லை. அதுதான் சுட்டது.

கேள்வியக்கா பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள். பட்டியலில் இல்லாத, அவளுடைய சொந்தக் கேள்வி ஒன்று உண்டு. நல்லவர்களுக்கென்று எடுத்து வைத்திருப்பது. "கடைசியா யார்கிட்ட தோத்தே?"

 முணுமுணு, சனிக்கிழமைப் பயிற்சியில் தனக்கு ஒதுக்கிய தெருவில் ஒரு தையற்காரம்மா இருந்ததைச் சொன்னாள். தெருவிளக்குக்காக இவள் போட்டுக்கொண்டுபோன திட்டத்தை அந்த அம்மா ஒரே வாரத்தில் ஓரங்கட்டிவிட்டுக் கூட்டத்தைத் தானே நடத்தத் தொடங்கிவிட்டாளாம். "மூணு வாரம் சும்மா பாய் விரிச்சுக் குடுத்துட்டு உக்காந்திருந்தேன்க்கா. வெளக்கு வந்துருச்சு. என்னாலன்னு சொல்ல முடியாது."

"இதை இப்படியே சொல்லு. ஒரு வார்த்தையக்கூட அழகு பண்ணிடாதே" என்றாள் கேள்வியக்கா.

நகராட்சி நேர்காணல் நாளன்று அழைப்புப் பட்டியலில் முதல் ஆள் கேள்வியக்கா. முணுமுணுவுக்கு மதியத்துக்கு மேல். உள்ளே போய் உட்காரச் சொன்னார் வாசலில் இருந்த உதவியாளர். அறை காலியாக இருந்தது. நீள மேசை, கதவைப் பார்த்து மூன்று நாற்காலிகள், இந்தப் பக்கம் ஒன்று. கால்கள் தாமாகவே அவளைச் சுற்றிக் கூட்டிப்போய் மூன்றில் நடுவாக இருந்ததில் உட்கார வைத்தன. பேனாவைத் திறந்து மேசையில் வைத்தும் ஆயிற்று. மூன்று பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்த கண்ணாடி போட்ட அம்மையார் நின்று பார்த்துவிட்டு, "நாங்க எங்கம்மா உக்காரட்டும்?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். முதுகு கூசியது. கதவு பின்னால் இருந்தால் யாரோ நிற்பது போலவே இருக்கும் என்று, அத்தனை பேரை அப்படி உட்கார வைத்தவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பிரச்சினை பண்றவங்களை எப்படிச் சமாளிப்பீங்க?" என்று அம்மையார் கேட்டார்.

வாய் முந்திக்கொண்டது. "இப்படிக் கேட்டா மனப்பாடம் பண்ணின பதில்தான் மேடம் வரும். கடைசியா யார்கிட்ட தோத்தீங்கன்னு கேட்டுப் பாருங்க."

 அம்மையார் குனிந்து அதைத் தாளில் எழுதிக்கொண்டார். "சரி, கேக்கறேன். யார்கிட்ட தோத்தீங்க?"

நான்கு வருடமாக மற்றவர்களைக் கேட்ட கேள்வி. தன்னை ஒரு தடவை கேட்டுக்கொண்டதில்லை. "காலத்துக்கிட்டதான் மேடம் எப்பவும் தோக்கறேன்" என்றாள். ஒரு மாணவர் சொல்லியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பாள்.

உண்மையான பதில் திரும்பி வரும் பேருந்தில் வந்தது. முப்பது வாரம் அவளே போய்க் கூட்டம் நடத்திய ஒரு தெரு. ஒரு சனிக்கிழமை காய்ச்சலில் போகவில்லை. பதினோரு பேர் கூட்டம் நடக்கும் அறையின் பூட்டிய கதவுக்கு வெளியே அவளுக்காகக் காத்திருந்துவிட்டுக் கலைந்து போனார்கள். சாவி அவளிடம் இருந்தது. அதை யாரிடமாவது கொடுத்து வைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. தான் இல்லாவிட்டால் நடக்காது என்பதில் அப்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வியாழக்கிழமை முணுமுணு ஓடி வந்தாள். அன்றைக்கு முணுமுணுக்கவில்லை. "கெடச்சிருச்சுக்கா. அச்சு அசலா அதே கேள்வி கேட்டாங்க. தையற்காரம்மா கதைய அப்படியே சொன்னேன். அவங்களுக்கு எப்படிக்கா அந்தக் கேள்வி தெரிஞ்சுது?"

கேள்வியக்காவுக்கு அந்தத் தாளும், குனிந்து எழுதிய கையும் கண்ணுக்குள் வந்தன. "நல்ல கேள்வி ரெண்டு பேருக்குத் தோணாதா?" என்றாள்.

"நீங்களே அங்க இருந்த மாதிரி இருந்துச்சுக்கா."

அவள் போன பிறகு, மையத்துச் சுவரில் வேலை கிடைத்தவர்களின் பலகையில் கேள்வியக்கா அந்தப் பெயரையும் பதவியையும் எழுதினாள். பலகை முழுக்க அவளுடைய கையெழுத்துத்தான். எழுதி முடிக்கும்போது அம்மா அழைத்தாள்.

"போன காரியம் என்னாச்சு?"

"கெடச்சிருச்சும்மா. நம்ம பொண்ணு ஒருத்திக்கு."

 அம்மாவின் பக்கம் சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"நீயே எல்லாரையும் கேக்கற. உன்னை உக்கார வெச்சுக் கேக்கறதுக்கு அங்க ஒருத்தரும் இல்லையாடி?"

அவள் மேசைக்குத் திரும்பி வந்து, போனைக் காதில் வைத்தபடியே, கதவுக்கு முதுகு காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீ கேளும்மா" என்றாள்.

 "சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.