வெயிலில் வெளுத்த மஞ்சள் கொடி

“கொழும்பு வெளித்துறை. அக்டோபர் 1994. இரண்டாம் முறை மஞ்சள் போட்டது.”

ஒரு முழம் பேண்டேஜ் துணியின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் நான் எழுதிவைத்த குறிப்பு இது. போன வாரம் வெள்ளையடிப்பதற்காக ராஜபாளையம் வீட்டில் பீரோவை நகர்த்தியபோது கிடைத்தது. மளிகைச் சீட்டில்கூடத் தேதி போடுகிற ஆள் நான். இதில் மட்டும் மாதத்தோடு நிறுத்தியிருக்கிறேன். கடலில் எனக்கு நாள் தப்பிப்போனது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். துணியில் இப்போது மஞ்சளும் இல்லை. மடிப்பைப் பிரித்து ஜன்னலோரம் பிடித்தால், உள்ளே பழைய பல்லின் நிறத்தில் ஒரு கோடு தெரிகிறது.

முகர்ந்து பார்த்தேன். பிளீச்சிங் வாடை போய்விட்டது. அந்த வாடைதான் அந்த நாளில் எங்களுக்குச் சோறு போட்டது. சத்திரப்பட்டித் தறிகளில் நெய்த துணியை வெளுத்து, சுருட்டி, பேல் கட்டி அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் கணக்கு எழுதினேன். காயத்துக்குக் கட்டும் துணி என்பதால் நெசவு வலைபோல இருக்கும். எதிரே பிடித்தால் ஆளின் மூக்கு தெரியும்.

அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில், சூரத்தில் பிளேக் என்று ரேடியோ சொன்னது. மறுநாளே ஊரில் ஆளுக்கொரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார்கள். எங்கள் துணிக்கு வந்த கிராக்கியைக் கேட்க வேண்டாம். கொழும்பிலிருந்து, பிளேக்குக்குப் பயந்து, உடனே அனுப்பச் சொல்லி ஆர்டர் வந்தது. தூத்துக்குடியிலிருந்து தோணியில் ஏற்றினோம். சரக்கோடு ஓர் ஆள் போக வேண்டும் என்றார் முதலாளி. அதுவரை நான் பார்த்த பெரிய நீர்நிலை எங்கள் ஊர்க் கண்மாய். ஆர்வத்தில் கையைத் தூக்கிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் காதர் அண்ணன் அதே தோணியில் வத்தல் மிளகாய் ஏற்றியிருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கமிஷன் கடை வைத்திருந்தவர். மிளகாய் அவருக்கு ஒரு சாக்குத்தான். அவருடைய அக்கா – அவர் ‘லாத்தா’ என்பார் – கொழும்பில் புறக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவர். இலங்கையில் சண்டை தொடங்கி ராமேஸ்வரம் கப்பலும் நின்ற பிறகு அக்காவும் தம்பியும் பார்த்துக்கொள்ளவே இல்லை. விமானத்துக்கு அவரிடம் வசதி இல்லை. இந்தத் தோணியில் வருகிறேன் என்று முன்பே எழுதிப் போட்டுவிட்டு, கையில் ஒரு டப்பா பால்கோவாவோடு ஏறினார்.

“நம்மூரு மண்ணு கேட்டா கொண்டுபோக முடியுமா தம்பி? இதைத்தான் கேட்டிருக்கா” என்றார்.

தோணியில் சின்னதாக ஓர் எஞ்சின் இருந்தது. பெரும்பாலும் அது தூங்கியது, பாய்மரம்தான் உழைத்தது. தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் தண்டல் அதிகம் பேசாதவர். பேசினால் அது வசவாக இருக்கும். சமையல்காரர் செல்லையாவுக்குப் பண்டாரி என்று பேர். மணல் நிரப்பிய பெட்டியில் அடுப்பு. பின்பக்கம் கடலுக்கு மேல் தொங்கிய ஒரு மரக்கூடுதான் கழிப்பறை. அதில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டிருக்கிறேன். முதல் நாள் பீப்பாய்த் தண்ணீரில் முகம் கழுவினேன். “கணக்கரே, அது குடிக்கிற தண்ணி. மூஞ்சிக்குத்தான் சுத்திக் கெடக்கே கடலு!” என்றார் பண்டாரி.

படுக்கை, மிளகாய் மூட்டையின் மேல். காற்றில்லாத நேரத்தில் நெடி ஏறி எல்லோரும் இருமுவோம், தும்முவோம். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிளகாய்க் காட்டில் பிறந்தவர்கள் நாங்கள்.

கொழும்பு வெளித்துறையில் நங்கூரம் போட்டதும் துறைமுக லாஞ்சு வந்தது. அதில் முகத்தை மூடிக்கொண்டு ஒரு டாக்டர். தமிழ் தெரிந்தவர். பிளேக் வந்தால் இருமல் வருமாம். அவர் கேள்வி கேட்கக் கேட்க, நாங்கள் பதிலுக்கு இருமினோம்.

“எத்தனை பேருக்கு இருமல்?”

“எல்லாருக்குந்தான் சார். ஆனா இது சீக்கு இல்ல, மொளகா” என்றார் காதர் அண்ணன். சொன்னால் நம்பமாட்டார்களே என்று ஒரு மூட்டையைத் தைரியமாக அவிழ்த்து, இரண்டு கை அள்ளி உயர்த்தியும் காட்டினார். காற்று எங்கள் பக்கமிருந்து லாஞ்சுக்கு அடித்தது. டாக்டர், ஓட்டுநர், கூட வந்த போலீஸ்காரர் எல்லோரும் தும்மினார்கள். லாஞ்சு திரும்பிப் போய்விட்டது. போகும்போது ஒலிபெருக்கியில் உத்தரவு வந்தது: தொற்றுநோய்க் காவலுக்கு மஞ்சள் கொடி ஏற்றுங்கள், யாரும் இறங்கக் கூடாது, யாரும் பக்கத்தில் வரக் கூடாது.

பிளேக்குக்குப் பயந்து வரவழைத்த துணி, பிளேக் பயத்தால் கரைக்கு வெளியே நின்றது.

கொடியைத் தேடினால் காணோம். பண்டாரி அதைக் கஞ்சி வடிக்கும் துணியாக்கி, அது கிழிந்தும் போயிருந்தது. தண்டல் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. நான் என் பேல் ஒன்றைப் பிரித்தேன். காதர் அண்ணன் பண்டாரியின் மஞ்சள்தூளைக் கொதிக்கவைத்துத் துணியை முக்கினார். ஏற்றிப் பார்த்தால் கொடி கண்ணுக்கே தெரியவில்லை. வலைத்துணிக்குள் காற்று புகுந்து போய்விட்டது. இறக்கி, எட்டாக மடித்துத் தைத்தோம். அப்புறம்தான் பறந்தது. ஊரிலே மஞ்சள் துணி என்றால் கல்யாணக் காரியம். இங்கே அதைப் பார்த்ததும் மீன் படகுகள்கூட விலகிப்போயின.

ஆனால் மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். மறுபடி இறக்கி மஞ்சள் போட வேண்டும். அந்த வேலையைக் காதர் அண்ணன் தானாக ஏற்றுக்கொண்டார். இரண்டாம் முறை போட்டபோது வெட்டிய துண்டுதான் இன்று என் கையில் இருப்பது.

மற்ற நேரமெல்லாம் கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கட்டடங்கள் தெரியும், ஆள் தெரியாது. ஒவ்வொரு நாளும் பண்டாரி கேட்பார்: “மொதலாளி, இன்னைக்காவது டப்பாவைப் பிரிப்பமா?”

“கைய வச்சே, கைமா பண்ணிப்புடுவேன்.”

ஒரு காலையில் டப்பாவிலிருந்து லேசாகப் புளித்த வாடை வந்தது. அண்ணன் முகம் செத்துப்போனது. அவரைப் பார்க்கப் பொறுக்காமல் பண்டாரியே வாணலியை அடுப்பில் போட்டார். இன்னும் கொஞ்சம் சீனி சேர்த்து, அந்த ஆட்டத்தில், நடுக்கடலில் பால்கோவாவை மறுபடி கிண்டினார்கள். நிறம் கறுத்தது. வாடை மாறியது. டப்பாவுக்குள் திரும்பப் போனது. அது எவ்வளவு நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

அதற்கடுத்து வந்த நாட்களில்தான் கவனித்தேன், கொடி வெளுத்துக்கொண்டே போனது. “அண்ணே, மஞ்சள் போடலையா?” என்றேன்.

“போடலாம் தம்பி. செத்த நேரம் ஆகட்டும்.”

செத்த நேரம் மறுநாள்வரை நீண்டது. கொடி முழு வெள்ளையானது. இளநீர் விற்கும் ஒரு சின்னப் படகு, ஒன்றும் அறியாமல், எங்கள் அருகே வந்தது. அண்ணன் தயாராக இருந்தார். விலாசம் எழுதி ஒட்டிய டப்பாவைக் கயிற்றில் கட்டி இறக்கினார். “புறக்கோட்டையிலே ஜவுளிக்கடை. சீவில்லிபுத்தூர் தம்பி குடுத்தான்னு சொல்லுங்க, போதும்” என்றார். படகுக்காரர் தமிழிலேயே சரி என்றார்.

தண்டல் இளநீரைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். “ஏலே பாவி! லாஞ்சுக்காரன் பாத்தா நாமெல்லாம் திரும்ப முதல்லேர்ந்து காவல் கெடக்கணும் தெரியுமா?”

“தெரியும் தண்டலே.”

லாஞ்சுக்காரர்களும் பார்த்துவிட்டார்கள். அதிர்ஷ்டம், தினமும் தள்ளி நின்றே எங்களை விசாரித்துப் போன டாக்டர், யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று அதற்குள் எழுதிவிட்டிருந்தார். சரக்கை இறக்க விட்டார்கள். ஆனால் கொடியை ஏமாற்றிய தோணி என்று ஒருவருக்கும் ஊருக்குள் இறங்கக் கரைச்சீட்டு தரவில்லை. சரக்குப் படகு வந்து மிளகாயையும் துணியையும் வாங்கிக்கொண்டு போனது. காதர் அண்ணன் டப்பாவை அனுப்பாமல் இரண்டு நாள் பொறுத்திருந்தால் தானே இறங்கியிருப்பார். நான் அதைச் சொல்லவில்லை. அவரே சொன்னார்: “பொறுத்திருந்தா நான் போயிருப்பேன், கோவா கெட்டுப்போயிருக்கும். வெறுங்கையோட போயி அவ மூஞ்சியில எப்படி முழிக்கிறது?”

பாய் விரித்துக் கிளம்பும்போது தண்டல் தன் தொலைநோக்கியைக் கரைப்பக்கம் திருப்பினார். அலைதடுப்புச் சுவரில் ஒரு புள்ளி.

“ஒரு பொம்பள குடை பிடிச்சு நிக்கா” என்றார்.

“கையிலே டப்பா இருக்கா, தண்டலே?”

தண்டல் வெகுநேரம் பார்த்தார். தொலைநோக்கியை அண்ணனிடம் நீட்டவில்லை. “இருக்கு” என்றார்.

பின்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போதெல்லாம் கேட்பேன். “லாத்தா எழுதினாங்களா?”

“எழுதினா. எல்லாரும் சொகம்னு.”

“பால்கோவா கிடைச்சுதாமா?”

“அதெல்லாம் கேட்டு எழுதலாமா தம்பி? குடுத்ததக் கேக்குறது மரியாதையா?”

அவர் கேட்கவில்லை. லாத்தாவும் தானாக எழுதவில்லை. அவர்கள் பிறகு சந்திக்கவும் இல்லை. முதலில் அந்த அம்மாவும், சில வருஷம் கழித்து அண்ணனும் போய்விட்டார்கள். கமிஷன் கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் கவர் விற்கிறார்கள். தோணிகளில் பாய் போய், எஞ்சின் மட்டும் ஓடுகிறது. தூத்துக்குடிக்கு ஒருமுறை போய்த் தண்டலை விசாரித்தேன். மகன் வீட்டோடு எங்கோ போய்விட்டார் என்றார்கள். இந்தக் கட்டுரைக்காக என் டயரிகளையும் புரட்டிப் பார்த்தேன். கிளம்பிய நாள், நங்கூரமிட்ட இடம், பேல்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கிறது.

குடை பிடித்து நின்ற பெண்ணின் கையில் டப்பா இருந்ததா என்பது மட்டும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.