மிளகு தின்ற எலி

ஒன்பது வயதில் எனக்கு ஓர் ஆசை இருந்தது. என் கண் இரண்டும் போய்விட வேண்டும். வெளியே சொன்னால் வாயிலேயே போடுவார்கள் என்று மனசுக்குள் வைத்திருந்தேன்.

என் தம்பிக்கு மூன்று வயதில் அம்மை வார்த்துப் பார்வை போனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நெய் என்றால் அவனுக்கு, பலாவில் கொழுத்த சுளை என்றால் அவனுக்கு, அம்மா மடியில் இடம் என்றால் அதுவும் அவனுக்கு. எனக்குக் கண் இருந்தது. அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

மலைமேல் எடப்புளி நாட்டில் எங்களுக்குச் சாமைக்காடும் கொஞ்சம் மிளகுக்கொடியும் இருந்தன. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கூரைக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். பத்துப் பன்னிரண்டு பையன்கள் படித்தார்கள். பெண்பிள்ளை ஒருத்திகூட இல்லை. பெண்பிள்ளை குருவி விரட்டினால் நாலு படி சாமையாவது மிஞ்சும் என்பது அப்பாவின் கணக்கு.

அந்தப் பள்ளிக்குப் பேளுக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு புது வாத்தியார் மலையேறி வந்தார். கண் தெரியாதவர்களுக்கும் எழுத்து இருக்கிறது, புள்ளி புள்ளியாக இருக்கும், விரலால் தடவிப் படிக்கலாம், கீழே ஒரு பள்ளியில் பார்த்துப் பழகியிருக்கிறேன் என்று எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மனுஷன் மசியவில்லை, மூன்று நாள் தொடர்ந்து வந்தார். கடைசியில் அம்மாதான், "போகட்டுமுங்க, ஊட்டுல உக்காந்து என்ன பண்ணப் போறான்" என்றாள். பாறை ஏறி, ஓடை தாண்டிப் போக வேண்டுமே, யார் கூட்டிப் போவது? குருவி விரட்டிக்கொண்டிருந்த என்னைப் பிடித்தார்கள். நான் பள்ளிக்கூடம் போன லட்சணம் இதுதான். தம்பியின் ஊன்றுகோலாகப் போனேன்.

பேரேட்டில் அவன் பெயர் ஏறியது. நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

புள்ளி எழுத்துக்கு வேண்டிய தடித்த தாளும் ஊசியும் மலைக்கு எங்கே வரும்? வாத்தியார் ஒரு வழி கண்டுபிடித்தார். பலாப்பிசினைச் சூடாக்கிப் பலகையில் சொட்டுச் சொட்டாக வைத்து, அதன்மேல் மிளகை ஒட்டினார். ஒரு மிளகு ஒரு புள்ளி. அ என்றால் ஒரே மிளகு. மற்ற எழுத்துகளுக்கு இரண்டு, மூன்று, நாலு. தம்பியின் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தடவ வைத்து, "இது என்ன சாமி?" என்று கொஞ்சுவார். அவன் சரியாகச் சொன்னால் வெல்லம். வாசற்படியில் இருந்தே நானும் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். என்னை யார் கேட்டார்கள்? வயிறு பற்றி எரிந்தது.

ஒருநாள் தாங்கமுடியாமல் ஓடைக்கரையில் அவன் கையை உதறிவிட்டு ஓடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பயம் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து பார்த்தால் கரையில் ஆளே இல்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். தம்பித் துரை அங்கே உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தார். யாரோ புண்ணியவான் கொண்டுவந்து விட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அவனும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அப்புறம் அப்பா பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோனார். எனக்குக் கண்ணாடி வளையல் வாங்கிவரச் சொல்லி வாரக்கணக்கில் நச்சரித்திருந்தேன். வந்தார். தலையில் ஒரு பெரிய பலகை, தம்பிக்கு. வளையலா? மறந்தே போச்சு கண்ணு என்றார்.

அந்தப் பலகையில் வாத்தியார் ராப்பகலாக உட்கார்ந்து ஒரு பாடம் முழுக்க மிளகு ஒட்டினார். காரணம் இருந்தது. கண் தெரியாத பையனுக்குப் பள்ளியில் இடம் கொடுப்பது வீண்வேலை என்று யாரோ மேலே எழுதிப் போட்டுவிட்டார்கள். விசாரிக்க இன்ஸ்பெக்டர் வருகிறார். பையன் அவர் முன்னால் படித்துக் காட்டினால் இருக்கலாம், இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அடிக்கட்டும், நன்றாக அடிக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அவன் பெயரை அடித்தால் நான் எங்கே போவேன் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல்நாள் சாயங்காலம் பலகை எங்கள் வீட்டில் இருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து நகத்தால் மிளகைப் பெயர்த்தேன். முதலில் அ. அதற்கு இருந்ததே ஒன்றுதான், எழுத்தே போயிற்று. பிறகு ஒவ்வோர் எழுத்திலும் ஒன்று. பெயர்த்த மிளகை முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகுப் பாயிலேயே வீசிவிட்டேன். எந்தக் கொம்பன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று பெருமை வேறு.

காலையில் பலகையைத் தூக்கிய அப்பா நின்றுவிட்டார். மொளகு எங்கே என்று கேட்டார். "எலி தின்னுடுச்சுங்கப்பா" என்றேன்.

பிறந்ததிலிருந்து மிளகோடு கிடக்கும் மனுஷனிடம் போய்ச் சொல்கிற பொய்யா அது? எங்கள் மலையில் எலி சாமையைத் தின்னும், வள்ளிக்கிழங்கைத் தின்னும், கூரையைக்கூடக் கடிக்கும். மிளகில் வாய் வைத்த எலியை யாரும் கண்டதில்லை. அப்பா கையை ஓங்கினார். அப்போது தம்பி சொன்னான்: "எலிதானுங்கப்பா. கொறிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

அப்பா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை இறக்கினார். மறுபடி ஒட்ட நேரமில்லை. முள்ளுக்குறிச்சியில் இருந்து இன்ஸ்பெக்டரைச் சுமந்துவந்த டோலி மேட்டில் தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் பலகையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வாத்தியார் முகம் செத்துவிட்டது. தம்பி விரலை வைத்தான். வெறும் இடத்தில் விரல் நின்றது. எனக்கு ஒரு நொடி சந்தோஷம், சொல்ல வெட்கமில்லை. விரல் அங்கேயே லேசாகச் சுற்றியது. "அ" என்றான். அப்புறம் அடுத்தது. அடுத்தது. நான் மிளகைத்தான் பெயர்த்தேன். பிசின் பொட்டுப் பொட்டாக அப்படியே இருந்திருக்கிறது. பாடம் முழுக்கத் தடுக்காமல் படித்தான். இன்ஸ்பெக்டர் தானும் தடவிப் பார்த்து, விரலில் ஒட்டிய பிசினை வேட்டியில் துடைக்க முடியாமல் தவித்தார்.

பையன் இருக்கட்டும் என்றார். பிறகு வாசற்படியைக் காட்டி, இந்தப் பெண் யார், பேரேட்டில் இல்லாதவளுக்கு இங்கே என்ன வேலை, வீட்டுக்கு அனுப்பு என்றார். வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"அக்கா இல்லாம எனக்கு வழி தெரியாதுங்க. அவ பேரு இல்லீன்னா நானும் வரலீங்க."

இன்ஸ்பெக்டர் முனகினார். என் பெயர் பேரேட்டில் ஏறியது, அவன் பெயருக்குக் கீழே. கீழேதான் எழுதினார்கள் என்பது மட்டும்தான் எனக்கு உறைத்தது.

அன்று திரும்பும்போது நான் கை கொடுக்கவில்லை. முன்னால் விடுவிடுவென்று நடந்தேன். ஓடைக் கற்கள், வழுக்குப் பாறை, சரிவு எல்லாம் தாண்டினோம். பின்னால் அவன் காலடி ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. வழி தெரியாது என்று அவன் சொன்னதும் எலிக் கதை மாதிரிதான் என்று புரிய எனக்கு இன்னும் எத்தனையோ வருஷம் பிடித்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். வீட்டு முற்றத்தில் அப்பாவின் இருமல் கேட்டதும் அவன் ஓடிவந்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி நடக்க ஆரம்பித்தான். நடிக்கிறான் பார், நெய்க்கு இப்போதே அடிபோடுகிறான் கள்ளன் என்று இன்னொரு தரம் வயிறெரிந்தேன்.