கேட் பாஸில் போடாத கையெழுத்து

ஒரு பெண்ணை வேண்டுமென்றே பதினோரு நாள் வேலைக்குப் போகவிடாமல் செய்தேன். அதற்கு நான் ஒரு கையெழுத்தைப் போடாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மாதாமாதம் கேட் பாஸ் புதுப்பிக்க வேண்டும். கையெழுத்துப் போடும் அதிகாரி நான். பாஸ் கட்டு மேசைக்கு வந்ததும் போட்டுவிட மாட்டேன். டீ குடிப்பேன், பேப்பர் படிப்பேன். அவர்கள் சன்னலுக்கு வெளியே வெயிலில் நிற்பார்கள்.

ஒருநாள், கம்மாபுரத்திலிருந்து வரும் அந்தப் பெண் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “இன்னா சார், காலைலேர்ந்து நின்னுகினு இருக்கோம். கையெழுத்துப் போட கை நோவுதுங்களா? தைலம் வாங்கியாரட்டா?”

வெளியே ஒரே சிரிப்பு. என் கிளார்க்கும் சிரித்துவிட்டார். மற்ற பாஸ்களில் எல்லாம் கையெழுத்திட்டு, அவளுடையதை மட்டும் மேசை டிராயருக்குள் போட்டேன். பதினோரு நாள் கழித்துத்தான் எடுத்தேன். அந்த இடைவெளியால் அவளுடைய தொடர் வேலைநாள் அறுந்துபோய், பெர்மனென்ட் ஆகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை.

பட்டியல் வந்த அன்று கிளார்க் சொன்னார்: “அவ நிலமும் மைன்ஸுக்குத்தான் சார் போச்சு. நாம உக்காந்திருக்கிற இடமாக்கூட இருக்கும்.”

பெல்ட் அருகே போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பதினோரு நாளும் வூட்ல அடுப்பு எரிஞ்சுதான்னு கேட்டீங்களா சார்?” என்று சொல்லிவிட்டுக் கரியை அள்ளப் போய்விட்டாள்.

மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அதிகாரத்தைக் கையாண்டேன் என்பதற்கு ‘வீல்டு’ (wield) என்ற வினைச்சொல் வந்தது. வாள் வீசுவதற்குச் சொல்கிற சொல் இங்கே பொருந்துமா என்று ஒரு சந்தேகம். உண்மையைச் சொன்னால், கடிதத்தைத் தள்ளிப்போட அது ஒரு சாக்கு. டவுன்ஷிப் நூலகத்தில் தடித்த அகராதியைப் புரட்டினேன்.

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஆள்வது, தன் வசத்தில் வைத்திருப்பது என்று பொருளாம். வலிமையைக் குறிக்கும் லத்தீன் சொல் ஒன்று அதற்குத் தூரத்து உறவு. அதற்குக் கீழே, வழக்கொழிந்த பொருள் ஒன்றும் இருந்தது: தன் கைகால்களைத் தன் விருப்பப்படி அசைக்க முடிவது. நோயில் கிடப்பவனால் அது முடியவில்லை என்று சொல்ல அந்த வினையைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

கை நோவுதுங்களா என்று அவள் கேட்டது அந்தப் பக்கத்தில் வந்து நின்றது. அகராதியை மூடிவிட்டேன்.

கடிதத்தில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு நேராக எழுதினேன்: பாஸில் குறை எதுவும் இல்லை, கோபத்தில் நான்தான் பிடித்துவைத்தேன், விடுபட்ட நாட்களுக்கு அந்தப் பெண் பொறுப்பல்ல.

“சார், இது போச்சுன்னா உங்க ப்ரமோஷன் அவ்ளோதான்” என்றார் கிளார்க்.

“டைப் பண்ணுங்க.”

அவர் சொன்னபடியே ஆயிற்று. பதவி உயர்வு நான்கு ஆண்டு தள்ளிப்போனது. ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த அடுத்த பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

பெர்மனென்ட் ஆன அன்று அதே சன்னலுக்கு வந்தாள். கம்பிக்கு நடுவே கையை நீட்டி, என் மேசைமேல் சின்னத் தைலப் புட்டி ஒன்றை வைத்தாள்.

“வச்சிக்கோங்க சார். இன்னும் எத்தினியோ பேருக்குக் கையெழுத்துப் போடணுமே.”

அவளோடு நானும் சிரித்தேன். ஓய்வு பெறும்வரை அந்தப் புட்டி மேசைமேல்தான் இருந்தது. கட்டு வந்தால் முதலில் அது கண்ணில் படும். கையெழுத்தெல்லாம் போட்ட பிறகுதான் டீ. அன்று அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன்.