அம்மா காது வைத்து வாங்கிய கம்ப்யூட்டர்

எங்கள் சித்தப்பாவும் மாமாவும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் பாயசம் வருவதற்குள் சண்டை வந்துவிடும். சித்தப்பா அப்பாவின் தம்பி. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தார். மாமா அம்மாவின் அண்ணன். ஏரலில் பாத்திரக்கடை வைத்திருந்தார். இவர்களுக்குள் சொத்துத் தகராறோ, பெண் கொடுத்த வகையில் மனத்தாங்கலோ கிடையாது. சண்டை போடுவதில் இருவருக்கும் அப்படியொரு ருசி. நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம் அவர்களுக்கு அருமையான விஷயம் ஒன்று வாய்த்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

சித்தப்பா அசெம்பிள் கட்சி. கெட்டிக்காரன் ஒருவன் சாமான்களைத் தனித்தனியாக வாங்கி மாட்டினால் அதுதான் கம்ப்யூட்டர், மேலே எந்தக் கம்பெனியின் பேர் இருந்தால் என்ன என்பது அவர் வாதம். அந்தக் கெட்டிக்காரன் யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மாமா கம்பெனி கட்சி. அவர் கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்த்தவரில்லை. ஆனால் குடை, டார்ச் லைட், சவர பிளேடு எதுவானாலும் விலை கூடிய கம்பெனியாகப் பார்த்து வாங்குவார். அது இன்னும் பழுதாகவில்லை என்பதை எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

"ஸ்டிக்கருக்கு எதுக்கு அத்தான் துட்டு குடுக்கணும்? தொறந்து பாத்தா உள்ள எல்லாம் ஒரே சாமான்தான். நான் மைனிக்குப் பாதி விலையில மாட்டித் தாரேன்" என்பார் சித்தப்பா. அண்ணியான அம்மாவை அவர் மைனி என்றுதான் கூப்பிடுவார்.

"தனித்தனியா மாட்டுனது தனித்தனியாத்தான் கெட்டுப்போவும் மாப்ளே. உங்க அண்ணன் ஓட்டுத பஸ்ஸ இப்படி ஆளுக்கொரு எடத்துல வாங்கி மாட்டுவியளா?"

"பஸ்ஸே அப்படித்தான ஓடுது. இன்ஜின் ஒரு கம்பெனி. பாடி கரூர்ல கட்டுதான். சீட்டு வேற எவனோ தைக்கான்."

மாமாவுக்கு இது புதுச் செய்தி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "அதான் அந்த ஆட்டம் ஆடுது" என்றார்.

இந்தச் சண்டையில் பாதி எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. அதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். இரண்டு பேரும் கழுத்து நரம்பு புடைக்க, கையை ஆட்டி ஆட்டி, காதுக்குள் ரகசியம் சொல்வதுபோல் சண்டை போடுவார்கள். உள்ளே அப்பா தூங்கிக்கொண்டிருப்பார்.

அப்பா சென்னைக்கு ராத்திரி பஸ் ஓட்டினார். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வீடு வந்து, குளித்து, நாலு இட்லியைத் தின்றுவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்க வேண்டும். தச்சநல்லூரில் ரயில்பாதைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஒரே அறை, ஒட்டினாற்போல் ஓர் அடுப்படி. அவ்வளவுதான். ஜன்னல் கம்பி அதிர ரயில் போகும். அப்பா அசைய மாட்டார். கோயில் கொடைத் திருவிழா நடக்கும்போது ஒலிபெருக்கி நேராக எங்கள் வீட்டைப் பார்த்துக் கத்தும், குறட்டை நிற்காது. ஆனால் வீட்டுக்குள் ஏதாவது உறுமினால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். வண்டி ஓட்டுகிறவர் காது அது. வெளிச்சத்தம் எதையும் உள்ளே விடாது; தன் வண்டியின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் தூங்க விடாது. தூக்கத்தில் அவருக்கு வீடுதான் வண்டி. அதனால் மிக்ஸி சாயங்காலம்தான் ஓடும்; பகலில் அம்மியில்தான் அரைப்பு. குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்தால் அம்மா கரண்டியோடு பாய்ந்து போய் நிற்பாள்.

அம்மா டைப் அடிக்கிறவள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்திருந்தாள். பாளையங்கோட்டையில் அவள் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையை மூடியபோது, கல்லூரி ஆராய்ச்சி மாணவிகள் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அம்மா அடித்தால் ஒற்றுப் பிழை இருக்காது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. சித்தப்பா தன் கடையில் கிடந்த பழைய அசெம்பிள் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். அறையில் ஒரு பக்கம் அப்பாவின் பாய், மறுபக்கம் அம்மாவின் மேசை.

அந்தக் கம்ப்யூட்டர் ஓடத்தான் செய்தது. ஆனால் அதற்குள் இருந்த காற்றாடி கொஞ்ச நேரம் முனகும், பிறகு உறுமும், திடீரென்று அடங்கும். அது மாறும்போதெல்லாம் அப்பாவின் வலது கால் பாயில் எதையோ மிதிக்கும். பிறகு எழுந்து உட்கார்ந்து, "ஏளா, சத்தம் மாறுதே, என்னது?" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல, படுங்க" என்பாள் அம்மா. அவர் படுப்பார். காற்றாடி மறுபடி உறுமும்.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்னைக்கு விடியக்காலையில கண்ணு ஒரு சொக்கு சொக்கிட்டு. கிளீனர் பய தோளைப் புடிச்சு உலுக்கிட்டான்."

நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதன்பின் அப்பா வீட்டில் படுக்கும் பகல் முழுவதும் கம்ப்யூட்டர் மேல் போர்வை கிடந்தது. அப்பா பஸ்ஸுக்குப் போன பிறகு அம்மா அடித்துப் பார்த்தாள். வீட்டு வேலையெல்லாம் போக, சொன்ன நாளில் எதுவும் முடியவில்லை. ஆய்வேடு கொடுத்திருந்த ஒரு மாணவி கெடு நெருங்குகிறது என்று வாசலில் நின்று கண்கலங்கினாள். அம்மா தாள்களை எடுத்துக் கொடுத்து, "வேற எடத்துல அடிச்சுக்கம்மா" என்றாள். அந்தப் பெண் தெரு திரும்பும்வரை அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த வாரத்திலேதான் புதுக் கம்ப்யூட்டர் பேச்சை எடுத்தாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடைக்கு நால்வரும் போனோம். சித்தப்பாவும் மாமாவும் கல்லாவில் இருந்த கடைக்கார அண்ணாச்சியை நடுவராக வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். ராம், பிராசசர் என்று சித்தப்பா அடுக்கினார். கேரண்டி, கேரண்டி என்று மாமா ஒரே சொல்லை வைத்துச் சமாளித்தார். அண்ணாச்சி இருவருக்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. வரிசையாக வைத்திருந்த கம்ப்யூட்டர்களில் முதலாவதின் முன்னால் போய் நின்று, விற்பனைப் பையனிடம், "இதப் போடுங்க தம்பி" என்றாள். போட்டான். குனிந்து அதன் முதுகில் காதை வைத்தாள்.

பையன் கொஞ்சம் பார்த்தான். "அக்கா, ஸ்பீக்கரு முன்னால இருக்கு" என்றான்.

"இருக்கட்டும் தம்பி."

சந்தையில் தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்க்கிற அதே முகத்தோடு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கடைக்கு வந்திருந்த ஒரு குடும்பம் எங்களையே பார்த்தது. நான் மாமாவின் வேட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இதற்கிடையில் அம்மா இன்னொன்று கேட்டாள்.

"அந்த ஏசிய கொஞ்சம் அணைக்கியளா? அது சத்தம்தான் கேக்கு."

பையன் அண்ணாச்சியைப் பார்த்தான். ஏசி போட்ட கடையில் ஏசியை அணைக்கச் சொன்ன முதல் ஆள் அம்மாவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அம்மா கேட்ட விதத்தில் என்னவோ இருந்தது. அண்ணாச்சி மறுபேச்சில்லாமல், "அணைலே" என்றார். ஏசி நின்றது. மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னாள். அதுவும் நின்றது. சித்தப்பாவும் மாமாவும்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"இப்பவே கேட்டா தெரியாது தம்பி. எல்லாத்துலயும் ஒரு படத்த ஓட விடுங்க. சூடான பொறவு என்ன செய்யுதுன்னு பாக்கணும்."

ஓட விட்டான். எல்லோரும் வேர்த்து ஊற்றக் காத்திருந்தோம். சித்தப்பா சிபாரிசு செய்த பெட்டி முதலில் உறுமியது. மாமா நம்பியிருந்த பெரிய கம்பெனிப் பெட்டியும் கொஞ்ச நேரத்தில் அதோடு சேர்ந்துகொண்டது. மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். மடியில் வைக்கிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று கொசு மாதிரி ரீங்கரித்தது. கடைசியில் ஒன்று இருந்தது. பெட்டி என்று தனியாக இல்லாமல், திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய வெள்ளைக் கம்ப்யூட்டர். அம்மா காதை வைத்தாள். எடுத்துவிட்டு, "இதப் போடலியா தம்பி?" என்று கேட்டாள்.

"ஓடிக்கிட்டுதான்க்கா இருக்கு."

மறுபடி காதை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள். அவள் முகம் பைய மலர்வதை நான் பார்த்தேன்.

"இது போதும்" என்றாள்.

அந்தக் கடையிலேயே விலை கூடியது அதுதான். மற்றதைப்போல் இரண்டு மடங்கு. சித்தப்பா பதறிவிட்டார். "மைனி, இது பணக்காரப் பிள்ளைய பாட்டுக் கேக்க வாங்குதது. நீங்க டைப் அடிக்கதுக்கு எதுக்கு இது?" கம்பெனி கட்சி வென்றதில் மகிழ வேண்டிய மாமாவே, "கொஞ்சம் யோசிச்சுக்கம்மா" என்று இழுத்தார். கறிவேப்பிலைக்குக்கூடப் பேரம் பேசுகிற அம்மா சித்தப்பாவைப் பார்த்து, "பாக்க அழகா இருக்குல்லா தம்பி" என்றாள். வேறு எந்தக் காரணமும் சொல்லவில்லை. தவணைக்குக் கையெழுத்துப் போடும்போது, மௌஸுக்கு அடியில் வைக்கிற அட்டையை மட்டும் இனாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் மட்டும் சொன்னாள்: "சத்தமில்லன்னா அப்பா தூங்குவாங்கல்லா. இத யார்ட்டயும் சொல்லிராத."

ஏன் சொல்லக் கூடாது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. அப்பா தனக்கென்று ஒரு செருப்பு வாங்குவதற்கே ஆறு முறை யோசிப்பவர். தன் தூக்கத்துக்காக வாங்கியது என்று தெரிந்தால் மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். சித்தப்பாவின் வயிற்றில் எதுவும் தங்காது. மாமாவிடம் சொன்னால் ஏரல் முழுவதும் தெரியும். எனவே அம்மா பெருமைக்குச் செலவழித்தவள் என்ற பேரைத் தானே வாங்கிக்கொண்டாள். அதன்பின் குடும்பத்தில் எந்தக் காதுகுத்துக்குப் போனாலும் சித்தப்பா, "எங்க மைனி அழகுக்குக் கம்ப்யூட்டர் வாங்குனவ" என்று ஆரம்பிப்பார். அம்மா எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

புதுக் கம்ப்யூட்டர் வந்த பிறகு அப்பா தூங்கினார். அம்மா விசைப்பலகைக்கு அடியில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஓங்கி அடித்துப் பழகிய விரல்கள், பூத் தொடுக்கிற மாதிரி அடிக்கப் பழகிக்கொண்டன. முதல் சில நாட்கள் ஒரு வரி அடித்ததும் திரும்பிப் பார்ப்பாள். அப்புறம் பக்கத்துக்கு ஒருமுறை. அப்பாவின் கால் எதையும் மிதிக்கவில்லை. வாசலில் மாணவிகளின் செருப்புகள் மறுபடியும் கிடந்தன. அப்பா சாயங்காலம் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு, "எப்ப உக்காந்த?" என்று கேட்பார். "இப்பத்தான்" என்பாள். காலையிலிருந்து பார்த்து அடித்து முடித்த கையெழுத்துத் தாள்கள் அவள் முந்தானைக்கு அடியில் இருக்கும்.

ஒருநாள் மதியம் பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு ஓசைப்படாமல் உள்ளே வந்தேன். அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. அப்பா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது.

அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழித்து நெடுநேரம் ஆகியிருக்க வேண்டும். முகத்தில் தூக்கக் கலக்கம் கொஞ்சமும் இல்லை. அம்மா ஒரு வரியை வாய்க்குள் படித்துப் பார்த்தாள். பிடிக்காமல் உதட்டைப் பிதுக்கினாள். அழித்துவிட்டு வேறு மாதிரி அடித்து, தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டாள். அதைப் பார்த்து அப்பா சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு என்னைக் கண்டுவிட்டார். உதட்டில் விரலை வைத்தார். நாற்காலி அசைந்த ஓசை கேட்டதும் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். அம்மா திரும்பினாள். அவர் தூங்குவதைப் பார்த்து நிம்மதியாகி மறுபடி அடிக்கத் தொடங்கினாள்.

நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து யோசித்தேன். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் அப்பாவை எழுப்பிவிட்டது. சித்தப்பா சொன்னதுதான் சரி. அம்மா தோற்றுப்போய்விடக் கூடாதே என்று அப்பா தூங்குவதுபோல் நடிக்கிறார். நானும் நடித்துவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அதன்பின் விசேஷ வீடுகளில் சித்தப்பா அந்தப் பேச்சை எடுத்தால், உண்மை வெளியே வந்துவிடாமல் வாய் நிறைய வடையைத் திணித்துக்கொள்வேன்.

அப்பா எழுந்து உட்கார்ந்தால் அம்மா வேலையை அப்படியே போட்டுவிட்டு டீ போடப் போய்விடுவாள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தூக்கம் தீர்ந்த பிறகும் ஒருவர் எழாமல் கிடந்து பார்த்துக்கொண்டிருக்க அந்த அறையில் என்ன இருந்தது என்றும் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் எங்கேயோ சத்தம் போடுகிறது, எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்து, ஆள் இல்லாத நேரத்தில் போய் அதன் முதுகில் காதை வைத்து வைத்துப் பார்த்தேன்.