இடது பக்கம் சத்தமே வராத கேம்

அந்த கேமை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியபோது, அது அவ்வளவு பாராட்டுக்கு லாயக்கில்லை என்று எழுதியவள் நான். எழுதியதோடு நிற்காமல், மறுத்துப் பேசியவர்களிடமெல்லாம் மல்லுக்கு நின்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமான முதல் வாரத்திலேயே என் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

தில்லை நகரில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கில் காது பரிசோதனை செய்வது என் வேலை. வருகிறவர்களை சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "எவ்வளவு மெதுவா கேட்டாலும் அமுக்குங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். சாயங்காலம் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி, சாதம் வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேய்களைச் சுடுவேன். நாற்பத்திரண்டு வயதில் ஒரு பெண்ணுக்கு இது என்ன பழக்கம் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் உண்டு, இங்கே எழுதக் கூடியது இல்லை. ஆடியதைப் பற்றித் தமிழில் எழுத ஒரு ஃபேஸ்புக் பக்கமும் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள் படிப்பார்கள். எல்லோருக்கும் நான் அக்கா.

கேமின் பெயரை விட்டுவிடலாம். பூமிக்கடியில் ஒரு கைவிடப்பட்ட சுரங்கம். கையில் ஒரு துப்பாக்கி, அதில் ஆறே குண்டு. சுரங்கத்தில் ஏதோ ஒன்று நடமாடுகிறது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஈரத்துணியைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம் மட்டும் வரும். அது இடமா வலமா, பக்கத்திலா தூரத்திலா என்று காதால் கணித்துத் திரும்பிச் சுட வேண்டும். தப்பாகத் திரும்பினால் கதை முடிந்தது. "கண்ணை மூடிக்கிட்டு ஆடலாம்" என்று புகழ்ந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, முதல் மூன்று நாள் எனக்கு உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. சத்தத்தை அளந்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவள் நான். என்னையே இந்த ஆட்டு ஆட்டுகிறதே என்று ஒரு மரியாதைகூட வந்தது.

நாலாம் நாள் எனக்கு ஜலதோஷம். தலை கனத்தது, இடது காதில் லேசான அடைப்பு. அதே நாளில் கேமுக்கு ஒரு அப்டேட்டும் வந்தது. சாயங்காலம் போட்டுப் பார்த்தால் ஆட்டமே மாறியிருந்தது. வலது பக்கம் ஈரத்துணி சத்தம் கேட்டது, திரும்பினேன், சுட்டேன். சுட்டதும் இடது பக்கத்திலிருந்து ஒரு முகம். எந்த அறிவிப்பும் இல்லை. சத்தமே போடாமல் வந்து என் தோளுக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. மறுபடி ஆடினேன், மறுபடி அதே கதை. ஏழெட்டுத் தடவை செத்தேன். ஒவ்வொரு தடவையும் இடது பக்கம்தான்.

எனக்கு வந்ததே கோபம். உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். அப்டேட் போட்டு நல்ல கேமைக் குட்டிச்சுவராக்கிவிட்டார்கள், இடது பக்கச் சத்தத்தை மழுங்கடித்துவிட்டார்கள், சத்தத்தால் பயமுறுத்தத் தெரியாதவன்தான் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று பயமுறுத்துவான், இதற்கா இத்தனை கைதட்டல் என்று வெளுத்து வாங்கினேன். பிள்ளைகள் கமெண்டில் குழம்பிப்போனார்கள். "அக்கா, எங்களுக்கு நல்லாத்தானே கேக்குது?" என்றான் ஒருவன். இன்னொருவன் நக்கலாக, "அக்கா, எதுக்கும் ஒரு காது டாக்டரைப் பாத்துருங்க" என்று போட்டான். "தம்பி, நான் வேலை பாக்குறதே காது டாக்டர்கிட்டதான்" என்று பதில் போட்டேன். அதற்கு எத்தனை சிரிப்பு பொம்மைகள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கம்ப்யூட்டரில் இரண்டு பக்கச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்க ஒரு கோடு இருக்கும். அதை இடது பக்கமாகக் கொஞ்சம் தள்ளினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். ஒரு வாரத்தில் வலது பக்கம் கிட்டத்தட்ட மூடியிருந்தது, இடது பக்கம் முழுக்கத் திறந்திருந்தது. அப்படியும் அது சத்தமில்லாமல்தான் வந்தது. எங்கிருந்து வரும் என்று தெரியாததால் சுவரில் இடது தோளை உரசிக்கொண்டே சுரங்கத்தில் நடக்கப் பழகினேன். அந்த நாட்களில் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கிறேன். ஹாலில் இடது பக்கம் சுவர் இருக்கும்படி நாற்காலியை மாற்றிப் போட்டதுகூட நான்தான், வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லி.

ஒன்றை மட்டும் பாராட்டினேன். ஒரு விசில். மெல்லிய, நூல் மாதிரி ஒரு சத்தம், சுரங்கத்துக்குள் போனதும் ஆரம்பிக்கும், நிற்கவே நிற்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேமை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். விசில் கூடவே வந்தது. கம்ப்யூட்டரை அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன், ஃபேனை நிறுத்தினேன். வெயில் கொளுத்துகிற நேரம், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. நடு ஹாலில் நின்று கேட்டேன். விசில் இருந்தது. யாரோ பக்கத்தில் நின்று பல்லிடுக்கில் மெதுவாக ஊதுவது போல இருந்தது. அடப் பாவிகளா, ஆடி முடித்த பிறகும் காதை விட்டு இறங்காத சத்தத்தைச் செய்திருக்கிறார்களே என்று வியந்து, இந்த விசில் ஒன்றுக்காக மட்டும் இவர்களுக்குக் கை கொடுக்கலாம் என்று எழுதினேன். கீழே ஒரு பையன் கேட்டான்: "எந்த விசில் அக்கா?"

அதற்கு நான் பதில் போடவில்லை. கவனமாக ஆடத் தெரியாதவன் என்று நினைத்தேன்.

அந்த வாரம் வேலை முடிந்து காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தபோது, இடது பக்கம் ஒரு பைக் என் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. வந்ததே தெரியவில்லை. திடீரென்று அங்கே இருந்தது. கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, ஓட்டியவர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "எவ்வளவு நேரமா ஹாரன் அடிக்கிறேன்! காது கேக்கலையா?" நானும் விடவில்லை. லெஃப்ட்ல புகுந்து வர்றதுக்கு இது என்ன உங்க வீட்டு வாசலா என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கத்தி முடித்ததும், ஒரு ஹாரன் சத்தமாவது கேட்டிருக்க வேண்டுமே என்று ஒரு கணம் தோன்றியது. ஜலதோஷம் இன்னும் விடவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

இதில் கொடுமை என்னவென்றால், அதே வாரம் தொட்டியத்திலிருந்து ஒரு வாழைக்காரர் கிளினிக்குக்கு வந்திருந்தார். ஒருநாள் காலையில் எழுந்ததும் ஒரு காது கேட்கவில்லையாம். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு வந்திருக்கிறார். திடீரென்று காது போனால் முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து போக வேண்டும், அதற்குப் பிறகு திரும்புவது ரொம்ப அபூர்வம். "ஒரு மாசம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று அவரிடம் எகிறினேன். "சளிதான்னு நெனச்சேம்மா" என்றார் பாவம். சளியாம், என்று அவர் காதுபடவே முணுமுணுத்தேன்.

அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரர், "அப்படி என்னதான் இருக்கு இதுல, குடு பாப்போம்" என்று வந்து உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டினார். கேம் தொடங்கியதும் ஐயோ என்று அலறி ஹெட்போனைக் கழற்றித் தரையில் போட்டார். இடது காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"என்னடி இது, இந்தப் பக்கம் காது கிழியுது! இப்படியா வச்சுக் கேப்ப?"

"சும்மா சொல்லாதீங்க. அந்தப் பக்கம் ஒண்ணுமே வராது."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கோட்டை நடுவுக்குத் தள்ளிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். முதல் தடவை ஆடுகிறவர், துப்பாக்கியைப் பிடிக்கக்கூடத் தெரியாது. திரையில் வெறும் இருட்டு. சட்டென்று இடது பக்கம் திரும்பினார், சுட்டார். அது விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி இடது பக்கம் திரும்பினார், சுட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சத்தம் வருதே. பக்கத்துல வந்து மூச்சுகூட விடுதே."

"அந்த விசில் கேக்குதா?"

"என்ன விசில்?"

நான் ஹெட்போனை வாங்கி, இடதை வலதாகத் திருப்பி மாட்டிக்கொண்டேன். ஹெட்போன் மேல் சந்தேகம் வந்தால் எங்கள் தொழிலில் செய்கிற முதல் காரியம் அது. கிளினிக்கில் தினம் காலையில் இதைச் செய்து பார்ப்பவள், கூட வேலை பார்க்கும் உறையூர்க்காரி. ஒரு வருஷமாக நான் அதில் கை வைக்கவே இல்லை. திருப்பி மாட்டியதும் என் வலது காதில் ஈரத்துணி இழுபடும் சத்தம் கேட்டது. அத்தனை அழகாக, அத்தனை பக்கத்தில். அது எப்போதும் சத்தம் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறது. இத்தனை நாளும் என் இடது காதுக்குள் மூச்சு விட்டிருக்கிறது. நான்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். விசில் மட்டும் இடம் மாறவில்லை. அது இடது பக்கமே இருந்தது, கேமில் இல்லை, என் காதுக்குள்.

மறுநாள் காலை உறையூர்க்காரி எனக்குப் பரிசோதனை செய்தாள். வலது காது அப்படியே இருந்தது. இடது காதுக்குப் போடுகிற நீலப் பெருக்கல் குறிகள் எல்லாம் தாளின் அடியில் போய்க் கிடந்தன. குறி கீழே இறங்க இறங்கக் காது மோசம் என்று அர்த்தம். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளாம்மா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. போனை எடுத்து, கேமைத் திட்டி எழுதிய தேதியைப் பார்த்துத்தான் சொன்னேன். இருபத்தி நாலு நாள். எப்போதும் சத்தம் போடுகிற மனுஷன், அன்றைக்குத் திட்டவில்லை. மாத்திரை எழுதினார். காதுக்குள் ஊசி போடவும் நாள் குறித்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று இரவே என் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினேன். இந்த கேம் பாராட்டுக்கு உரியது. முழுக்க உரியது. சத்தத்தில் அவர்கள் வைத்த பயம் சுத்தமானது. நான் குறை சொன்னதும் என் காதைத்தான், கை கொடுத்ததும் என் காதுக்குத்தான். கதை சுமார்தான், கடைசியில் வரும் பெரிய பூதம் வெறும் கோமாளி. அதில் நான் பின்வாங்கவில்லை. ஆனால் பயத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லாமல் போய்விட்டது. காது டாக்டரைப் பார்க்கச் சொன்ன பையன் தனியாக மெசேஜ் அனுப்பி மன்னிப்புக் கேட்டான். உன் பேச்சைக் கேட்டிருந்தால் மூணு வாரம் மிச்சம் ஆகியிருக்கும் தம்பி என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். எதற்கு அந்தப் பிள்ளைக்கு அந்தப் பாரம்.

மூன்று வாரம் மருந்து. காலையில் எழுந்ததும் இடது காதுப் பக்கம் விரலைத் தேய்த்துப் பார்ப்பேன். சில நாள் கேட்ட மாதிரி இருக்கும். வீட்டுக்காரர் கேட்டால், "பரவால்லங்க, கொஞ்சம் தேவலை" என்பேன். அதைச் சொல்லும்போது நானே நம்பினேன்.

மருந்து முடிந்து மறுபரிசோதனை. சத்தம் புகாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பரிசோதனைக்கு வருகிறவர்களைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித்தான் உட்கார வைப்போம். மெஷினில் எங்கள் கை அசைவதை அவர்கள் பார்த்துவிடக் கூடாது. நான் முதுகு வலி என்று சொல்லி நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொண்டேன். உறையூர்க்காரி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். வலது காது முடிந்தது. இடது ஆரம்பித்தது.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கேட்டது. சத்தியமாகக் கேட்டது என்றுதான் நினைத்தேன். ஓரக்கண்ணில் கண்ணாடிக்கு அப்பால் அவள் தோள் லேசாக அசைந்தது, காதுக்குள் ஏதோ ஒன்று மினுக்கென்றது, அமுக்கினேன். மறுபடி வந்தது, அமுக்கினேன். மறுபடி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பி வந்துவிட்டதே, என்னைக் கைவிடவில்லையே என்று வாய்விட்டுச் சொன்னேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

மைக் திறக்கும் சத்தம் வலது காதில் கேட்டது.

"அக்கா," என்றாள், "கடைசி அஞ்சு தடவையும் நான் சத்தமே குடுக்கலக்கா. கையை மட்டும்தான் அசைச்சேன்."